ராத்திரியெல்லாம் ஊறும் ரொட்டி

கிறிஸ்துமஸ் காலையில் அடுப்படியில் நின்று ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப்போட யாருக்குப் பொறுமை? பல அமெரிக்க வீடுகளில் பிரெஞ்ச் டோஸ்டை முதல் நாள் ராத்திரியே தட்டில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். புது ரொட்டி இதற்கு ஆகாது, கூழாகிவிடும். ஒருநாள் காய்ந்த பிரியோஷ் ரொட்டிதான் சரி. முட்டை, பால், சர்க்கரை, கொஞ்சம் பட்டைத்தூள் கலந்து ஊற்றியதும் மேல்துண்டுகள் மிதக்கும். கரண்டியால் மெல்ல அமுக்கிவிட வேண்டும். விடிவதற்குள் ரொட்டி அத்தனையையும் குடித்திருக்கும். பிறகு ஓவனில் 180 டிகிரி செல்சியஸ், முக்கால் மணி நேரம். நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் மொறுமொறுவென்று சிவக்க, உள்ளே முட்டை இறுகிக் கஸ்டர்டாகியிருக்கும். (பாலில் நனைத்த ரொட்டியைப் பொரித்துத் தேன் ஊற்றிச் சாப்பிடுவது ரோமானியர் காலத்துப் பழக்கம்.) மேப்பிள் சிரப்பைக் குளமாக ஊற்றுவது மட்டும் எனக்கு ஒப்பாது. ஓரத்துத் துண்டு கிடைத்தால், சிரப்பே வேண்டாம்.