உறுப்பின்மேல் எழுதிய சொல்: கிரீனின் உடற்கூற்று நூல்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1872இல் வெளியிட்ட 'மனுஷ அங்காதிபாதம்' கலைச்சொல்லாக்க முயற்சியாகவே பெரிதும் மதிப்பிடப்படுகிறது. இம்மதிப்பீடு போதாது. அதன் மூலங்களுள் ஒன்றான கிரேயின் உடற்கூற்றியலில் (1858) ஹென்றி வான்டைக் கார்ட்டர் வரைந்த படங்கள் உறுப்பின் பெயரை உறுப்பின்மீதே தாங்கின. குறியெழுத்தைக் கொண்டு விளக்கத்தைத் தேடும் வேலை மாணவனுக்கு இல்லை. பிணக்கூறாய்வு மேசையில் கத்தி பிடித்து நிற்பவனுக்கு இது சிறிய உதவியன்று. எனவே இத்தகைய நூலைத் தமிழாக்குவோர்க்கு, படத்துக்குள் அடங்குவதும் கண்டவுடன் விளங்குவதுமான சொல் வேண்டும். நூற்பெயரிலேயே வடமொழியை நாடிய கிரீனின் சொற்களை இவ்வளவுகோலால் சோதித்தல் தகும்.

சோதனைக்கு இன்றும் இடமுண்டு. 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் பாடமொழி ஆங்கிலமே. கல்வராயன் மலையிலிருந்து வரும் நோயாளிக்குப் படம் காட்டி விளக்க முனையும் மருத்துவர், அதன்மேல் எழுதவேண்டிய தமிழ்ச்சொல்லை அவ்விடத்திலேயே தேட நேர்கிறது.