அச்சத்தில் யாருக்குப் பங்கு? - 'த வோர் கேம்' பற்றிச் சில குறிப்புகள்

பீற்றர் வற்கின்ஸின் 'த வோர் கேம்' (1965) பற்றி எழுதுபவர்கள் அதன் ஒளிபரப்பு மறுக்கப்பட்ட கதையிலிருந்தே தொடங்குவது வழக்கம். அக்கதையைச் சொன்னதும் படத்தைப் போற்றுவது ஒரு கடமையாகிவிடுகிறது. படம் போற்றத்தக்கதுதான். எனினும் அது கிளப்பும் அச்சத்துக்குள் யாருக்கு இடமுண்டு, யாருக்கு இல்லை என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

கென்ற் பகுதியில் அணுகுண்டு விழுந்தால் என்ன நிகழும் என்பதே பி.பி.சி.க்காக எடுக்கப்பட்ட இப்படத்தின் பொருள். நடிகர்களல்லாத சாதாரண மக்களைக் கொண்டு, செய்திப்படப் பாணியில் வற்கின்ஸ் இதை எடுத்தார். தீப்புயல், குவித்து எரிக்கப்படும் பிணங்கள், உணவுக்காகக் கிளர்ந்தவர்களைச் சுடும் பொலிஸ் எனக் காட்சிகள் நீள்கின்றன. 1965 செப்டெம்பரில் அரச அதிகாரிகளுக்குக் காட்டப்பட்ட பின்னர், நவம்பரில் பி.பி.சி. இதை ஒளிபரப்புவதில்லை என அறிவித்தது. பார்வையாளர்களுக்கு இது மிகக் கொடூரமானது என்பதே சொல்லப்பட்ட காரணம். அப்போது பி.பி.சி.யின் தலைவராக இருந்த நோர்மன்புறூக் பிரபு, 1947 முதல் 1962 வரை அமைச்சரவைச் செயலாளராக இருந்தவர். 1967இல் படத்துக்கு ஒஸ்கார் கிடைத்தது. பிரித்தானியத் தொலைக்காட்சிக்கு அது வந்து சேர்ந்ததோ 1985 யூலை 31இல்தான்.

இதன் தர்க்கம் எளிமையானது. யுத்தத்துக்குப் பிந்திய பிரித்தானிய அரசுக்கு மக்களின் அச்சம் தேவைப்பட்டது, ஆனால் அளவோடு. கம்யூனிசத்துக்கு அஞ்சுபவன் குண்டுக்கு வரி கட்டுவான். குண்டுக்கே அஞ்சத் தொடங்கினால் 1958இன் ஓல்டர்மாஸ்ரன் ஊர்வலத்தில் போய்ச் சேர்ந்துவிடுவான். வற்கின்ஸ் இந்த இரண்டாவது அச்சத்தையே தூண்டினார்.

படத்தின் கூர்மையான கணம் ஒரு சிறிய கேள்வி. இடம்பெயர்க்கப்படுபவர்களைத் தன் வீட்டில் ஏற்குமாறு பணிக்கப்படும் பெண், அவர்கள் நிறத்தவர்களா என்று கேட்கிறாள். மோர்டனில் தொழிற்சாலை இடைவேளையில், என்னோடு தேநீர் குடிக்கும் கானா, போலந்து நண்பர்களுக்கு இக்காட்சியைச் சொன்னேன். எவரும் விளக்கம் கேட்கவில்லை, சிரித்தார்கள்.

ஆனால் அதே படம் ஆசியாவை எப்படிப் பார்க்கிறது? சீனப் படைகள் தென் வியட்னாமுக்குள் நுழைவதிலிருந்து நெருக்கடி ஆரம்பமாகிறது. வியட்னாம் ஒரு தீக்குச்சி. எரியும் வீடு கென்ற். டிறெஸ்டனையும் ஹிரோஷிமாவையும் நினைவூட்டும் படத்தில், அதே 1965இல் அமெரிக்க விமானங்கள் குண்டுவீசிக்கொண்டிருந்த வியட்னாமியருக்கு ஒரு முகமும் இல்லை. அணுவாயுதத்தை முதலில் கையிலெடுப்பது மேற்குத் தரப்பே எனக் காட்டும் நேர்மை வற்கின்ஸுக்கு இருந்தது. 'செஞ்சீனா வருகிறது' என்ற தொடக்கத்தை மட்டும் அவர் கேள்வி கேட்கவில்லை.

அத்தகைய தொடக்கங்களின் விலை நமக்குத் தெரியும். 1947 தேர்தலில் இலங்கையின் மூன்று இடதுசாரிக் கட்சிகள் 18 ஆசனங்களையும், இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களையும் பெற்றன. தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கும் போனது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின்னால் இனவாதம் மட்டும் இருக்கவில்லை; சிவப்பின் மீதான அச்சமும் இருந்தது. தொடர்ந்து 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1952 நாடாளுமன்றத்துக்கு மலையகத் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. இங்கு ஒரு குண்டும் விழவில்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராக்கப்பட அச்சம் மட்டுமே போதுமாயிருந்தது. அதைக் குறித்து நம்மிடம் ஒரு 'வோர் கேம்' இல்லை.

நம் சமூகத்துக்குள்ளும் அளந்து கொடுக்கப்படும் அச்சம் உண்டு. 'இதை இப்போது சொன்னால் எதிரிக்குச் சாதகமாகும்', 'மக்கள் தாங்கமாட்டார்கள்' என்ற வாதங்கள் நோர்மன்புறூக்கின் அலுவலகத்துக்கு மட்டும் உரியவையல்ல. அங்கே 'கம்யூனிஸ்ற்' என்ற சொல் செய்த வேலையை நம்மிடையே 'துரோகி' என்ற சொல் செய்திருக்கிறது. சனங்களால் எதைத் தாங்க முடியும் என்று அவர்களுக்காகத் தீர்மானிக்கும் உரிமையை நாம் யாருக்குக் கொடுத்தோம்? படத்தைப் பார்த்த நண்பர்கள் மறுத்தாவது எழுத வேண்டும்.