கண்ணீரில் மறையும் வேலை

ஏ. லலிதாவைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன: சிறு வயதில் திருமணம், 18 வயதில் கைம்மை, கையில் நான்கு மாதக் குழந்தை, கிண்டி பொறியியல் கல்லூரி, 1943இல் மின் பொறியியல் பட்டம். சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பாற்சொல்லை அடித்துப் பெண்பாலாகத் திருத்திய கதையும் தவறாமல் வந்துவிடும். துயரத்துக்கும் தந்தையின் ஆதரவுக்கும் பத்தி பத்தியாக இடமுண்டு. வேலைக்கு ஒரே வரி: பக்ரா நங்கல் அணைத் திட்டத்தில் பங்காற்றினார்.

அந்த வரிக்குள் இருப்பது என்ன? கல்கத்தாவில் ஒரு மின்சாதன நிறுவனத்தில் அவர் மின்பாதைகளை வடிவமைத்தார். துணைமின் நிலையங்களின் அமைப்பைத் திட்டமிட்டார். துணைமின் நிலையத்தில் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் மின்னோட்டத்தை அளந்து தருகிறது, ரிலே பழுதைக் கண்டுகொள்கிறது, பிரேக்கர் ஒரு நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. எது எங்கே நிற்க வேண்டும், பழுதுபார்ப்பவர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் வரைபடத்திலேயே முடிவாகிவிடும். அதில் பிழை நேர்ந்தால் உயிர் போகும்.

இதைச் சொல்லாததால் இன்னொன்றும் மறைகிறது. தடை குடும்பத் துயரமாக மட்டும் தெரிகிறது. சட்டமாக நின்ற தடை தெரிவதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவு, பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்கியது. ஆலையின் கட்டுப்பாட்டு அறையோ இரவிலும் உறங்குவதில்லை. சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது 2000இல்தான்.

கருவியியல் படிக்கும் மாணவிக்கு லலிதாவின் கண்ணீர் தெரிந்திருக்கிறது. அவருடைய வேலையையும் சொல்லிக்கொடுப்போம்.