பூச்சில்லாச் சுவரும் ஆட்சியாளர் கனவும்

கரையான்சாவடிச் சந்திப்பில் நிற்போர் கண்ணில் இன்று முதலில் படுபவை மெட்ரோ இரயில் பாதையின் கான்கிரீட் தூண்களே. அவற்றைச் சுட்டிக் காட்டி, "பூச்சு வேலை இன்னும் முடியவில்லையா, சாமி?" என்று நம்மிடம் வினவிய முதியவர் ஒருவர் உண்டு. பூச்சில்லாச் சுவரை ஏழ்மையின் அடையாளமாகவே கண்டு பழகியவர்கள் நாம். ஆயினும், அதனையே ஓர் அரசியல் நம்பிக்கையின் முகமாக ஆட்சியாளர் ஏற்றுப் போற்றிய காலமும் இருந்தது.

இங்கிருந்து வடக்கே செல்லும் சாலை நம்மை ஆவடிக்கு இட்டுச் செல்கிறது. 1955 சனவரியில் அங்குக் கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்ம அமைப்பிலான சமுதாயமே நாட்டின் இலக்கு எனத் தீர்மானித்தது. அவ்வாண்டு மார்ச்சிலேயே, லெ கொர்புசியே வடிவமைத்த உயர் நீதிமன்றம் சண்டிகரில் திறக்கப்பெற்றது. இவ்விரண்டும் ஒரே கனவின் இரு வெளிப்பாடுகள் எனலாம். பிரிவினையில் இலாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. பழமையின் தளையறுத்த இந்தியாவின் சின்னமாக அதனை நேரு கண்டார். புதுடில்லியில் ஆங்கிலேயர் எழுப்பிய மணற்கல் மாளிகைகளுக்கு மறுமொழியாக, சென்ட்ரிங் பலகையின் வரிகளைக்கூட மறைக்காத கான்கிரீட் எழுந்து நின்றது. இப்பாணியைப் 'புரூட்டலிசம்' என்பர். கொடுமை எனும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை அது நினைவூட்டினும், பதப்படுத்தப்படாத கான்கிரீட்டைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரோடு இணைத்தே அப்பெயரை விளக்குவர். மறைக்க ஏதுமில்லை என்பதே அதன் அறம்.

எனினும் கான்கிரீட்டுக்குக் கட்சி இல்லை. பொதுவுடைமையர் ஆண்ட யூகோஸ்லாவியாவும் அதனை விரும்பியது. அமெரிக்காவின் பாஸ்டன் மாநகராட்சியும் விரும்பியது. அதே 1955 சூனில், பிரான்சு நாட்டு ரோன்சாமில் அர்ச்சிக்கப்பட்ட அன்னை மரியாவின் சிற்றாலயமும் லெ கொர்புசியேயின் படைப்பே. போரில் அழிந்த பழைய ஆலயத்தின் கற்களைச் சுவருக்குள் வைத்து, பூச்சில்லாக் கூரையை அதன்மேல் கவித்தார் அவர். ஆகவே, ஒரு கட்டடம் எக்கொள்கையைப் பேசுகிறது என்பதை அதன் சுவர் சொல்லாது. அதன் வாயிலே சொல்லும்.

சண்டிகரின் வாயிலைப் பார்ப்போம். கலவையைத் தலையில் சுமந்த தொழிலாளர்க்கு அந்நகரின் வரைபடத்தில் இடமில்லை. நகரின் ஓரங்களில் அவர்கள் குடிசையிட்டனர். நகருக்காகச் சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. அவ்விடிபாடுகளைச் சேர்த்து, நேக் சந்த் எனும் சாலைப் பணி ஆய்வாளர் யாரும் அறியாமல் ஒரு சிற்பத் தோட்டம் அமைத்தார். 1976இல் திறக்கப்பட்ட அத்தோட்டத்தில் இன்றும் மக்கள் திரள்கின்றனர். மக்களுக்கென விரிந்த அரசு முற்றத்திலோ அனுமதி பெற்றே கால்வைக்க முடிகிறது. சமத்துவத்தைப் பேசிய கட்டடம் சமமானவர்களைத் தொலைவில் நிறுத்தியது என்பதே நம் முதல் குறை.

இரண்டாம் குறை, இடித்தவர்களைப் பற்றியது. விடுதலையின் 25ஆம் ஆண்டான 1972இல், டில்லி பிரகதி மைதானத்தில் 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' எழுந்தது. இராஜ் ரேவால் வடிவமைக்க, மகேந்திர இராஜ் பொறியியல் வகுத்தார். எஃகு அரிதாயிருந்தமையால், பிற நாடுகளில் எஃகால் செய்யும் முக்கோணப் பின்னலை நம் தொழிலாளர் கான்கிரீட்டில் வார்த்தனர். உள்ளே ஒரு தூணும் இல்லை. பற்றாக்குறையே திறமைக்குத் தாயானது. 60 ஆண்டு நிறையாத கட்டடம் மரபுச் சின்னமாகாது என்ற விதியைக் காட்டினர் பொறுப்பாளர். 2017 ஏப்ரலில், அதன் 45ஆம் வயதில், அது தகர்க்கப்பட்டது. அவ்வளாகத்தில் 2023இல் 'பாரத் மண்டபம்' திறக்கப்பெற்றது. புதிய ஆட்சி புதிய முகம் தேடுவது இயல்பே. ஆனால் முன்னோரின் குரலுக்கு மறுமொழி கூறுவது வேறு, அக்குரல்வளையை நெரிப்பது வேறு.

கட்டியவர் உள்ளே வர முடிந்ததா? இடிக்குமுன் மக்களைக் கேட்டார்களா? அரசுக் கட்டடங்களை இவ்விரு வினாக்களால் அளக்கும் நாம், பழைய ஆலயத்தை இடித்துப் பளிங்கு பதிக்கத் திட்டமிடும் நம் பங்குப் பேரவைக் கூட்டத்திலும் அவற்றை எழுப்பக் கடமைப்பட்டுள்ளோம்.