முற்றுப் பெறாத தொடர்: காதற்பட முன்னோட்டங்களில் ஒலி, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு

1. முன்னுரை

வரவிருக்கும் திரைப்படத்தை அறிவிக்கும் சிறு துணுக்கினை ஆங்கிலம் 'டிரெய்லர்' என்கிறது. பின்தொடர்ந்து வருவது என்பது அச்சொல்லின் பொருள். 1910களில் அமெரிக்கத் திரையரங்குகளில் இத்துணுக்குகள் படம் முடிந்தபின் காட்டப்பட்டமையால் அப்பெயர் அமைந்தது. பின்னர் அவை படத்திற்கு முன்னரே காட்டப்பட்டன. பெயர் மட்டும் மாறவில்லை. தமிழ் அதனை 'முன்னோட்டம்' என்றது. சொல்லைப் பெயர்க்காமல் செயலைப் பெயர்த்த கலைச்சொல்லாக்கத்திற்கு இது நல்லதொரு சான்றாகும்.

முன்னோட்டம் பெரும்பாலும் வணிக விளம்பரமாகவே நோக்கப்படுகிறது. ஆயின் அது படத்தின் சுருக்கமும் அன்று. படத்தின் ஒரு பகுதியும் அன்று. படத்திலிருந்து பிரித்தெடுத்த கூறுகளைத் தனக்கேயுரிய முறையில் இணைத்துப் புதியதொரு கூற்றை உருவாக்குவது அது. காதற்படங்களில் இக்கூற்றின் அமைப்பு தமிழிலக்கணத்தின் வினையெச்சத் தொடரை ஒத்திருக்கிறது. எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அவற்றை முடித்துவைக்க வேண்டிய முற்று மறைக்கப்படுகிறது. காதலர் சேர்ந்தனரா, பிரிந்தனரா என்பதே அம்முற்று. ஒலி, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய மூன்றும் இம்மறைப்புக்கு எவ்வாறு துணைசெய்கின்றன என்பதும், முன்னோட்டத்தை வேற்றுமொழிக்குக் கொண்டுசெல்வோர் இதனால் எதிர்கொள்ளும் சிக்கல்கள் எவை என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

2. பெங்களூரு என்னும் களம்

இவ்வாய்வுக்குப் பெங்களூரு பொருத்தமான களமாகும். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம், ஆங்கிலம் ஆகிய மொழிகளின் படங்கள் அந்நகரில் அவ்வம்மொழிகளிலேயே திரையிடப்பட்டு வருகின்றன. எனினும் 1960களில் கன்னட எழுத்தாளர்களும் திரைக் கலைஞர்களும் எழுப்பிய எதிர்ப்பின் விளைவாகப் பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் குரல் மாற்றி வெளியிடும் வழக்கம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் தடைபட்டிருந்தது. இதற்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை. தொழில்துறையின் கட்டுப்பாடே இதனை நிலைநிறுத்தியது. 2015ஆம் ஆண்டு இந்தியப் போட்டி ஆணையம் இக்கட்டுப்பாட்டினைப் போட்டிச் சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 'என்னை அறிந்தால்' என்னும் 2015ஆம் ஆண்டுத் தமிழ்ப்படம் 2017இல் 'சத்யதேவ் ஐபிஎஸ்' என்னும் பெயரில் கன்னடக் குரலுடன் வெளிவந்தது.

இடைப்பட்ட காலத்தில் பிறமொழிக் காதற்கதைகள் மறுஆக்கமாகவே கன்னடத்தில் நுழைந்தன. அவ்வழக்கம் தீர்ப்புக்குப் பின்னும் தொடர்ந்தது. 2018ஆம் ஆண்டின் '96' மறு ஆண்டிலேயே '99' என்னும் கன்னடப் படமாயிற்று. மறுஆக்கத்தில் முகமும் குரலும் சேர்ந்தே மாறுகின்றன. குரல் மாற்றத்தில் முகம் நிற்க, குரல் மட்டும் மாறுகிறது. இவ்விரண்டாம் முறை வலுப்பெற்றபின், ஒரே படத்தொகுப்பு பல மொழிகளைச் சுமக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

3. ஒலி

காதற்பட முன்னோட்டத்தில் படிமத்தை நடத்திச் செல்வது ஒலியே. மழை, அலை, தொடர்வண்டி போன்ற இயற்புற ஒலி ஒன்றுடன் அது தொடங்குவது பெருவழக்கு. அடுத்துப் பேசுவோர் வாய் திரையில் தெரியாத நிலையில் ஒரு குரல் எழுகிறது. மூலம் காணப்படாத இத்தகைய குரலின் ஆற்றலைப் பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் ஷியோன் 1982இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். உடலற்ற குரல் எல்லாம் அறிந்த குரலாகக் கேட்போருக்குத் தோன்றுகிறது. காதற்படத்தில் அக்குரல் நடந்து முடிந்ததை நினைவுகூர்வதாக அமைவதால், முடிவை அறிந்திருந்தும் சொல்லாமல் நிற்கும் குரலாகிறது.

இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. வாயசைவு தெரியாத இடத்தில் எம்மொழிக் குரலையும் பொருத்தலாம். பல மொழிகளில் வெளியிடப்படும் முன்னோட்டங்களில் அழகியல் மரபும் வணிகத் தேவையும் இப்புள்ளியில் ஒன்றுகூடுகின்றன.

இசையைப் பயன்படுத்தும் முறையும் கருதத்தக்கது. பாடல்கள் படத்திற்கு முன்னரே வெளியாகும் இந்தியச் சூழலில், முன்னோட்டம் பாடலை முழுமையாகத் தருவதில்லை; பல்லவியின் ஒரு கீற்றைத் தந்து சரணத்திற்குச் செல்லாமல் நின்றுவிடுகிறது. மணிரத்னத்தின் முதற்படம் 1983இல் வெளிவந்த கன்னடப் படமான 'பல்லவி அனுபல்லவி'. இளையராஜாவின் இசையும் பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவும் பி. லெனினின் படத்தொகுப்பும் அமைந்த அப்படத்தின் பெயரிலேயே சரணம் இல்லை. அப்பெயரை முன்னோட்ட இசையின் இலக்கணமாகவே கொள்ளலாம். பல்லவி கேட்டவர் மனம் சரணத்தை நாடும்; அந்நாட்டமே திரையரங்கிற்கு அழைத்துவரும் விசை.

இறுதியில் இசை திடீரென அறுபடுகிறது. ஒரு நொடி அமைதிக்குப்பின் ஒரேயொரு வசனம் ஒலிக்கிறது. படத்தின் பெயர் தோன்றுகிறது. அவ்வமைதி முற்று நிற்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைச் செவிக்கு உணர்த்துகிறது.

4. ஒளிப்பதிவு

அகப்பொருள் மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், அவ்விடத்து உயிர்களையும் பொருள்களையும் கருப்பொருளாகவும், காதல் ஒழுக்கத்தை உரிப்பொருளாகவும் வகுத்தது. முன்னோட்ட ஒளிப்பதிவிலும் இவ்வரிசை காணப்படுகிறது. நிலத்தின் பரந்த காட்சி, பொழுதின் ஒளி, பின்னொளியில் பறக்கும் கூந்தல், மழைநீர் வழியும் கண்ணாடி ஆகியன முதலில் வருகின்றன. காதலர் இருவரும் ஒரே சட்டகத்தில் அமையும் காட்சி தாமதமாகவே வருகிறது. அதுவரை அவர்கள் தனித்தனி அண்மைக் காட்சிகளில், எதிரெதிர்த் திசை நோக்கிய பார்வையால் மட்டுமே இணைக்கப்படுகின்றனர். குறைந்த குவிய ஆழம் பின்புலத்தை மங்கச் செய்து முகத்தைத் தனிப்படுத்துகிறது; மெதுவியக்கம் ஒரு கணத்தை நிகழ்ச்சியாக்குகிறது. அகப்பாடலில் தலைமக்கள் பெயர் சுட்டப்படாமை போல, முன்னோட்டத்திலும் முகம் அறிமுகமாகிறது. பெயர் பெரும்பாலும் பின்தங்குகிறது.

கன்னடக் காதற்படங்களில் இம்முதற்பொருள் வலுவாக அமைந்த படம் யோகராஜ் பட் இயக்கத்தில் 2006 இறுதியில் வெளிவந்த 'முங்காரு மளே'. பருவமழை என்பது அதன் பெயரின் பொருள். மழையும் சோக அருவியும் அப்படத்தின் அடையாளங்களாயின. ஹேமந்த் ராவ் இயக்கிய 'சப்த சாகரதாச்செ எல்லோ' 2023ஆம் ஆண்டு செப்டம்பரிலும் நவம்பரிலும் 'சைட் ஏ', 'சைட் பி' என இரு பகுதிகளாக வெளிவந்தது. பெங்களூருவில் வாழும் காதலர் இருவரின் கதையாயினும் அதன் ஏக்கத்தின் சின்னம் கடல். கடலற்ற நகரத்தில் கடல் என்பது நிலமன்று, விருப்பம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதை அறிந்த தமிழ் வாசகர்க்கு அக்கடலின் பொருள் விளக்கமின்றியே புலனாகும்.

கோபாலகிருஷ்ண அடிகரின் கவிதையொன்றிலிருந்து எடுக்கப்பட்ட அப்பெயர், 'ஏழு கடல்களுக்கு அப்பால் எங்கோ' எனப் பொருள்படும் இடப்பெயர்த் தொடர். முதற்பகுதியின் தெலுங்கு வடிவம் 'சப்த சாகராலு தாட்டி' எனப் பெயர் பெற்றது. 'ஏழு கடல்களைத் தாண்டி' என்பது அதன் பொருள். கன்னடத்தில் இடமாக நின்றது தெலுங்கில் வினையெச்சமாயிற்று. கடல்களைத் தாண்டியபின் நிகழ்வது யாது என்னும் எதிர்பார்ப்பைப் பெயரே எழுப்புகிறது. மொழிபெயர்ப்பாளர் அறிந்தோ அறியாமலோ முன்னோட்டத்தின் இலக்கணத்தைப் பெயருக்குள் கொண்டுவந்துள்ளார்.

5. படத்தொகுப்பு

பிரெஞ்சுத் திரைக் குறியியலாளர் கிறிஸ்டியன் மெட்ஸ் 1960களில் திரைப்படத் தொடர்களை வகைப்படுத்தியபோது, காலவரிசையின்றி ஒரே தன்மையுடைய நிகழ்ச்சிகளின் மாதிரிகளை அடுக்கும் தொடரைத் தனி வகையாகக் குறித்தார். காதற்பட முன்னோட்டத்தின் இடைப்பகுதி பெரிதும் இவ்வகையினது. சிரித்தல், ஓடுதல், நனைதல், காத்திருத்தல் என வரும் துணுக்குகள் எப்போது நிகழ்ந்தன என்பதைச் சொல்வதில்லை.

தமிழிலக்கணம் இதனை மேலும் நுட்பமாக விளக்க உதவும். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் முற்றின் வினைமுதலையே தனக்கும் வினைமுதலாகக் கொள்ளும். 'செய' என்னும் எச்சம் வேறு வினைமுதலையும் ஏற்கும். 'அவன் வந்து நின்றான்' என்பதில் ஆள் ஒருவனே. 'அவள் பாட, அவன் நின்றான்' என்பதில் ஆள் இருவர். முன்னோட்டத்தின் தொடக்கம் ஒருவரைப் பின்தொடர்வதால் 'செய்து' வகையினதாகவும், காதல் தோன்றியபின் இருவரையும் மாறிமாறிக் காட்டுவதால் 'செய' வகையினதாகவும் அமைகிறது. ஒரு காட்சியின் ஒலி அடுத்த காட்சியின் மீது நீள்வதும், அடுத்த காட்சியின் ஒலி முன்கூட்டியே நுழைவதும் இவ்வெச்சங்களை ஒட்டவைக்கும் விகுதிகளைப் போன்றன. தொகுப்பாளர் வழக்கில் இவை 'எல் வெட்டு', 'ஜே வெட்டு' எனப்படும்.

எச்சத் தொடர் ஒன்றாயினும் முற்று வேறாகலாம் என்பதற்குக் கௌதம் வாசுதேவ் மேனன் ஒரே காலத்தில் இரு மொழிகளில் உருவாக்கிய படங்கள் சான்று. 'விண்ணைத்தாண்டி வருவாயா' தமிழிலும் 'ஏ மாய சேசாவே' தெலுங்கிலும் 2010 பிப்ரவரி 26 அன்று வெளிவந்தன. நடிகர்கள் வேறு, இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் ஒருவரே. கதையின் போக்கு ஒன்றாயினும் தமிழில் காதலர் பிரிந்தனர், தெலுங்கில் சேர்ந்தனர். பெயர்களின் வினைவடிவமும் நோக்கத்தக்கது. 'வருவாயா' என்பது எதிர்கால வினா, விடை உறுதியில்லை. 'சேசாவே' என்பது 'செய்தாயே' எனப் பொருள்படும் இறந்தகாலம். மாயம் நிகழ்ந்து முடிந்தது. முன்னோட்டம் மறைக்கும் முற்றினைப் பெயரின் காலவிகுதி மெல்லக் கசியவிடுகிறது எனலாம்.

6. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல்கள்

முதற்சிக்கல் வெட்டு விழும் இடம். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பதால் உடன்பாடும் எதிர்மறையும் கடைசிவரை மறைந்திருக்கும். 'உன்ன மறுபடியும் பாக்கவே...' என்னுமிடத்தில் படம் வெட்டப்பட்டால், எஞ்சியது 'வந்தேன்' என்பதா, 'கூடாதுன்னு இருந்தேன்' என்பதா என்று கேட்போர் அறியார். ஆங்கிலத்தில் மறுப்பு பார்த்தலுக்கு முன்னரே வந்துவிடுவதால் அவ்வெட்டு பயனிழக்கும். உறவுமொழியான கன்னடத்திலும் சிக்கல் தீர்வதில்லை. பேச்சுக் கன்னடத்தில் நோக்கப்பொருள் 'நோடக்கே' எனவும், மறுப்பு ஏற்கும் வடிவம் 'நோட்லே' எனவும் வேறுபடுவதால், வெட்டுக்கு முன்னரே விடை வெளிப்பட்டுவிடும். இங்குப் பெயர்க்க வேண்டியது வாக்கியமன்று, தயக்கம். வேறு சொற்களைக் கொண்டாவது அத்தயக்கத்தைக் காத்தலே மொழிபெயர்ப்பாளரின் கடமை.

இரண்டாவது முன்னிலைப் பெயர். காதலின் வளர்ச்சியைத் தமிழ் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கும், கன்னடம் 'நீவு' என்பதிலிருந்து 'நீனு' என்பதற்கும், தெலுங்கு 'மீரு' என்பதிலிருந்து 'நுவ்வு' என்பதற்கும் மாறிக் குறிக்கின்றன. இந்தியில் 'ஆப்', 'தும்', 'தூ' என மூன்று படிகள். படத்தில் இம்மாற்றமே ஒரு நிகழ்ச்சி. முன்னோட்டமோ பிற்பகுதி வசனத்தை முற்பகுதிக் காட்சியின் மீது ஏற்றுகிறது. முதற்சந்திப்பின் படிமத்தின்மேல் 'நீ' ஒலித்தால், மறைக்கப்பட்ட நெருக்கம் வெளிப்படுகிறது. மூலத்தில் அது தொகுப்பாளரின் கருத்தாக இருக்கலாம். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இன்மையால், ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோர் படிமத்திற்கேற்ப 'நீங்கள்' என்பதா, குரலுக்கேற்ப 'நீ' என்பதா எனத் தாமே முடிவு செய்ய வேண்டியுள்ளது. காட்சிவரிசையின்றி வசனப் பட்டியலை மட்டும் பெறும் மொழிபெயர்ப்பாளர்க்கு இம்முடிவு இயலாதது. தொடரின் ஈற்றில் வரும் 'டா', 'டி' என்பனவும், கன்னடத்தின் 'கணோ', 'கணே' என்பனவும் இத்தகையனவே. அரைநொடியில் ஒலித்து மறையும் இச்சிற்றசைகளே உறவின் அளவுகோல்கள். நேரம் போதாதபோது முதலில் களையப்படுவனவும் இவையே.

மூன்றாவது நகரத்தின் பேச்சு. பெங்களூருத் தெருவில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் தக்கினி உருதும் ஒரே உரையாடலில் கலக்கின்றன. குரல் மாற்றத்திற்கு இக்கலப்பு இடர் தருவது. எனவே எளிதில் பெயரும் பொதுநிலை வசனங்களே பன்மொழி முன்னோட்டத்திற்கு வாய்ப்பாகின்றன; நகரம் மேம்பாலங்களாலும் மழையாலும் உணவக விளக்குகளாலும் அடையாளம் பெறுகிறது. முகம் உள்ள நகரம் நாவிழக்கிறது. பெயர்ப்பு எளிமைக்குக் கொடுக்கப்படும் விலைகளில் இதுவே பெரியது.

7. முடிவுரை

அண்மைக்கால முன்னோட்டங்கள் பல கதையின் திருப்பங்களை வரிசையாகச் சொல்லிவிடுகின்றன. எச்சத்தால் இயங்க வேண்டிய வடிவில் முற்றுகளை நிறைத்தல் வடிவத்தின் ஆற்றலைக் குறைப்பதாகும். சிறந்த காதற்பட முன்னோட்டம் தகவலைக் குறைத்து உறவைக் காட்டுகிறது.

இதனைப் பெயர்ப்போரின் அலகு வாக்கியமோ சொல்லோ அன்று. ஒரு வெட்டிலிருந்து மறுவெட்டு வரையுள்ள மூச்சே. ஆகவே முன்னோட்டத்தின் மொழிபெயர்ப்பு, தொகுப்பு முடிந்தபின் நிகழும் இறுதிப்பணியாக இராமல், தொகுப்பு மேசையிலேயே தொடங்குதல் வேண்டும். எவ்வெச்சத்தில் நிறுத்தினால் எம்மொழியில் முற்று மறையும் என்பதைச் சொல்லக்கூடியவர் மொழியறிந்தவரே. அவரின்றித் தொகுக்கப்படும் முன்னோட்டம் ஒரு மொழியில் எழுப்பும் வினாவுக்கு மறுமொழியில் தானே விடை சொல்லிவிடும்.