பகைவர் காத்த ஏடுகள்

சீனத்து வெகுசனச் சமய இயக்கங்களை ஆராயும் முற்போக்காளர் பலர், 1796இல் மூண்ட வெண்தாமரைக் கிளர்ச்சியையும் 1813இல் பீக்கிங் அரண்மனைக்குட் புகுந்த எட்டு முக்கோட்டுருக் குழுவினரையும் எடுத்துக்காட்டி, 'சமயப் போர்வையிலான உழவர் போராட்டம்' என்று கூறி அமைவர். இக்கூற்று பொய்யன்று, போதாது என்பதே நமது கருத்து. 'வெண்தாமரை' என்ற பெயரே பெரும்பாலும் அதிகாரிகள் சுமத்திய குற்றப்பெயராகும். அதனை ஆராயாது ஏற்போர் ஆளும் வர்க்கத்தின் நோக்கையே தம்மையறியாது கைக்கொள்கின்றனர்.

நூல்களை நோக்குவோம். 'மணிச்சுருள்' எனப்பட்ட இக்குழுக்களின் ஏடுகளைக் கைப்பற்றிய ஹுவாங் யூபியன் என்னும் மாவட்ட அதிகாரி, அவற்றின் பகுதிகளை எடுத்துக்காட்டி வரிக்கு வரி மறுத்து 1834இல் நூலொன்று வெளியிட்டார். அழிந்துபோன ஏடுகள் சிலவற்றை இன்று நாம் அறிவது இம்மறுப்பின் வாயிலாகவே. (நமது இலக்கிய வரலாற்றிலும் நீலகேசியின் மறுப்பினாலேயே குண்டலகேசிச் செய்யுள்கள் சில எஞ்சின.) கூத்து மெட்டுக்களும் கூத்துமொழியும் மலிந்தவை என்று அவர் இகழ்ந்தார், நமக்கோ அவ்விகழ்ச்சியே அரிய திறனாய்வுச் சான்று. கற்றோர் மொழிக்குப் புறம்பான மேடையிலிருந்தே இவ்விலக்கியம் தன் குரலைப் பெற்றது.

அக்குரலின் மையம், வழிதவறிய மக்களை வீட்டுக்கு அழைத்து அழும் 'பிறவா அன்னை'. யாருக்கு அவ்வீடு தேவைப்பட்டது? பெருங்கால்வாயில் அரச தானியம் ஏற்றிய படகோட்டிகள், உற்றார் அற்ற ஹாங்சௌ நகரிலே, மிங் காலப் படைவீரர் லோ சிங்கின் வழிவந்த மடங்களில் தங்கினர். முதியோர் அங்கே பேணப்பட்டனர். இறந்தோர் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்கள் கிளர்ச்சி எதுவும் செய்யவில்லை. ஆயினும் 1768இல் அரசின் விசாரணை அம்மடங்கள்மீது பாய்ந்தது.