மதி என்னும் ஒரு சிறுசொல்

கேரளத்து நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லையோரச் சிற்றூர்களுள் ஒன்று காரக்கோணம். சிறிது தொலைவு நடந்தால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு நிலத்தின்மேல் விழுந்ததேயன்றி மக்கள் நாவின்மேல் விழவில்லை. கொள்வினை கொடுப்பினை இன்றும் அக்கோட்டைக் கடந்தே நடைபெறுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் உறவினர் இல்லமொன்றில் விருந்துண்ணும் வாய்ப்புக் கிட்டியது. மலேசியாவில் கிள்ளானில் பணிபுரியும் மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய ஆறு வயது மகள் அங்குள்ள மலாய்ப் பள்ளியில் பயில்பவள். இலையில் மேலும் சோறு விழுவதைக் கண்ட பாட்டியார், கையைக் குறுக்கே நீட்டி, “மதி மக்களே, மதி” என்றார். குழந்தை திடுக்குற்றுத் தந்தையைப் பார்த்தது. “யார் செத்துப்போனார்கள்?” என்று மெல்லக் கேட்டது. அவையோர் நகைத்தனர். தந்தை மட்டும் சற்று நாணியவராய், “அது தமிழே அன்று, பாட்டி மலையாளம் கலந்து பேசுகிறார். நீ ‘போதும்’ என்றே சொல்” எனத் திருத்தினார். இக்கட்டுரைக்கு வித்தாய் அமைந்தது அத்திருத்தமே.

குழந்தையின் மேல் குற்றமில்லை. மலாய் மொழியில் ‘மாத்தி’ என்பது இறப்பு. உயிர் நீங்குதல் மட்டுமன்று. அணைந்த விளக்கும், நின்றுபோன கடிகாரமும், மேற்செல்ல வழியற்று முடியும் தெருவும் அச்சொல்லாலேயே குறிக்கப்படும். எல்லையோர ஒலிப்பில் தகரம் ஏனைத் தமிழகத்தார் நாவிற்போல் அத்துணை நெகிழ்வதில்லை. ஆதலின் பாட்டியின் சொல் பேத்தியின் செவியில் மலாய்ச் சொல்லாகவே புகுந்தது. மும்பையில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கோ, முதலெழுத்தைச் சிறிது நீட்டினால் மராத்தியில் அது மண்ணாகிவிடும். ஆந்திரத்தில் வாழ்வோர் ‘மதிமரப்பு’ என்று தெலுங்கர் மறதியைக் கூறக் கேட்டிருப்பர். அங்கு மதி என்பது அறிவு, நினைவு. ஒரு சொல் ஊர்தோறும் வேறு வேடம் புனைகின்றது.

இவ்விடத்தில் தமிழன்பர் பலரும் வழுக்கி விழுவதுண்டு. யானும் இளமையில் விழுந்தவனே. ஓசை ஒத்திருத்தலைக் கண்டவுடன், ‘எல்லாம் தமிழிலிருந்து போந்தனவே’ என்று முடிவு கட்டும் ஆர்வம் நம்மவர்க்கு மிகுதி. மலாய்ச் சொல்லின் சுற்றம் கிழக்கே கடல் கடந்து விரிகின்றது. பிஜித் தீவினரும், நியூசிலாந்தின் மவோரி மக்களும் இறப்பை ‘மத்தே’ என்றே கூறுவர். அஃது அக்கடல்வாழ் மக்களின் சொத்து. நமக்கு அதில் பங்கில்லை. ஸ்பானிய மொழியில் ‘மத்தார்’ என்றால் கொல்லுதல். அதனைக் கொண்டு மலாயரையும் ஸ்பானியரையும் உறவினராக்குவார் உளரோ? மராத்தியின் மண் வடமொழி ‘மிருத்திகா’வின் வழிவந்தது. ஓசை ஒன்றியதனாலேயே உறவு அமைந்துவிடாது.

எனில், பாட்டியாரின் ‘மதி’ எவ்வகையைச் சார்ந்தது?

தமிழில் மதி என்பது நிலவு, அறிவு, மதித்தல் என்னும் வினையின் பகுதி. இவையன்றிப் பொருளே இல்லாத மதி ஒன்றும் உண்டு. கேண்மதி, சென்மதி எனச் சங்கப் பாடல்களில் ஏவல் வினையை ஒட்டி வருவது அது. முன்னிலை அசைச்சொற்கள் ஆறனுள் ஒன்றாகத் தொல்காப்பியர் இடையியலில் அதனை எண்ணுகின்றார். வள்ளுவர் அமைச்சு அதிகாரத்தில் மதிநுட்பம் பேசுவார். நலம்புனைந்துரைத்தலில் தலைவி முகத்தோடு ஒப்பிட்டு வான்மதியை நாணச் செய்வார். அறிவைக் குறிக்கும் மதி வடமொழியில் ‘மன்’ என்னும் நினைத்தற்பொருள் வேரினின்று பிறந்தது என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. நிலவுக்கு அப்பெயர் வந்தது, காலத்தை அளப்பதாலாம் என்பாரும் உளர். திங்கள் என்னும் சொல் நிலவுக்கும் மாதத்திற்கும் பொதுவாய் நிற்றலைக் காண, அக்கருத்தை எளிதில் தள்ளிவிட மனம் வரவில்லை. ஆங்கிலத்திலும் நிலவும் மாதமும் ஒரே வேரின. அவ்வேரும் அளத்தற்பொருளதே என்பர்.

நமக்கு இங்கு வேண்டுவது மதித்தல் என்னும் வினை. இன்று அதனை மரியாதை என்னும் ஒரு பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றோம். ஆயினும் அதன் அடிப்படை அளவிடுதலே. விளைந்து நிற்கும் வயலைப் பார்த்தே இத்தனை கோட்டை நெல் தேறும் என்று கூறுவது கண்மதிப்பு. பொருளின் விலையும் மதிப்பு. மனிதனின் பெருமையும் மதிப்பு. மலையாளத்திலும் ‘மதிப்பு’ இவ்வாறே வழங்குகின்றது. இலையின்முன் அமர்ந்தவர் விழுந்த சோற்றைக் கண்ணால் அளந்து, வேண்டும் அளவை எட்டிற்று எனக் காணும்போது கூறும் சொல்லே ‘மதி’ என்பது என் துணிபு. தமிழ் அளப்பவனது செயலைப் பற்றிக்கொண்டது. மலையாளம் அளவு நிறைந்த நிலையைப் பற்றிக்கொண்டது. வேறு பொருள்தான், ஆயினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இன்னொரு வியப்பும் உண்டு. மலையாளத்தில் ‘மதி’க்கு எதிர்ச்சொல் ‘போரா’. போதாது என்று பொருள். அதே சொல்லைத் தஞ்சை மாவட்டத்து இல்லங்களில் ‘போறாது’ என்று நாள்தோறும் கேட்கலாம். அங்கு அதனை மலையாளக் கலப்பு என்று எவரும் முகஞ்சுளிப்பதில்லை. தஞ்சைக்கு ஒரு நீதி, குமரி எல்லைக்கு ஒரு நீதியோ?

இக்கேள்வி பந்தியோடு நிற்பதன்று. நம் திறனாய்வையும் தொடுவது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964இல் வெளிவந்தது. இரணியல் வழக்கில் நீல. பத்மநாபன் எழுதிய ‘தலைமுறைகள்’ 1968இல்; தேங்காய்ப்பட்டினத்தைக் களமாகக் கொண்ட தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல். இவ்வகை நூல்களின் மொழியை நயக்கும் விமர்சகரும், ‘மலையாள வாடை’ என்னும் தொடரை ஒருமுறையேனும் பெய்யாமல் அமைவது அரிது. வட்டாரச் சொற்பட்டியல் தொகுப்போரும் பலவேளை ‘மலையாளச் சொல்’ என்று குறித்து அமைந்துவிடுகின்றனர். கலப்பே இல்லை என்று யான் வாதிடவில்லை. கலப்பு உண்டு, நிரம்ப உண்டு. ஆயினும் எது வந்தேறியது, எது வீட்டிலேயே இருந்து நாம் மறந்தது எனப் பகுத்துக் காண்பதன்றோ திறனாய்வாளர் கடன்? அப்பணி செய்யாது வாடை பிடிப்பது எளிது.

கைகழுவியபின் திண்ணையில் அந்நண்பரிடம் இவற்றுள் சிலவற்றைக் கூறினேன். பொறுமையாய்க் கேட்டார். “அத்தனையும் மெய்யாகவே இருக்கட்டும், அண்ணாச்சி. கிள்ளானில் இவள் ‘மதி’ என்றால் யாருக்கு விளங்கும்?” என்றார். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. உள்ளே பாட்டியார் பேத்திக்குப் பாயசம் வார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை தந்தையிருந்த திசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிண்ணத்தின்மேல் கையை விரித்து, “மதி” என்றது. பாட்டியார் இன்னும் ஒரு கரண்டி வார்த்தார்.